குடத்துக்கு ஒரு மாத்திரை

மாத்திரைக்குள் இருக்கும் மாசை நானோகிராம் கணக்கில் அளக்கிறது ஹைதராபாத். அதே மாத்திரை கழிவுநீரில் போனால் அதை அளக்கச் சொல்லும் விதி இல்லை. படான்செருவின் தண்ணீர் எழுப்பிய கேள்விக்கு வேதியியலில் விடை கிடைத்துவிட்டது. சட்டத்தில் இன்னும் கிடைக்கவில்லை.

ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் போனால் பெல் தொழிற்சாலையைத் தாண்டியதும் வருவது படான்செரு. தெலுங்கில் செருவு என்றால் ஏரி. பெயரிலேயே தண்ணீர் உள்ள ஊர். வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் 1972-ல் தேர்ந்தெடுத்த இடமும் இதுதான். சோளத்துக்கும் கம்புக்கும் புதிய ரகங்கள் தேடிய வயல்களுக்கு அருகிலேயே, அதே 1970-களில் இன்னொரு விளைச்சலும் தொடங்கியது. மருந்துகளின் மூலப்பொருள் தயாரிப்பு.

உலகெங்கும் விற்கப்படும் மாத்திரைகளில் உள்ள சரக்கு, அதாவது நோயைத் தீர்க்கும் அந்த வேதிப்பொருள், பெருமளவில் ஹைதராபாத்தைச் சுற்றித்தான் தயாராகிறது. அந்தச் சரக்கில் எவ்வளவு பங்கு மாத்திரைக்குப் போகிறது, எவ்வளவு ஓடைக்குப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. முதன்முதலில் அளந்து பார்த்தவர்கள் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள். 2007-ல் அவர்கள் வெளியிட்ட எண்ணைப் பார்த்து, இந்தத் துறையில் பழுத்தவர்களே தசமப் புள்ளி இடம் மாறிவிட்டதோ என்று சந்தேகப்படும் நிலை.

கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சனும் அவரது சகாக்கள் இருவரும் எடுத்துக்கொண்டது, படான்செருவின் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரை. கவனிக்கவும், சுத்திகரிப்புக்கு முன் அல்ல, பின். சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு அங்கு வந்து சேர்ந்தது. 59 மருந்துகளைத் தேடினார்கள். 11 மருந்துகள் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தன. ரத்த அழுத்தத்துக்கான லோசார்ட்டான், மூக்கடைப்புக்கு விழுங்கும் செட்டிரிசைன் எல்லாம் அதில் அடக்கம். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். லிட்டருக்கு 31,000 மைக்ரோகிராம் வரை, அதாவது 31 மில்லிகிராம்.

இது எவ்வளவு என்பதை வீட்டுக் கணக்கில் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கும். 31 மில்லிகிராம் வீதம் 16 லிட்டர் தண்ணீரில் அவ்வளவு மருந்து சேர்ந்துவிடும். 16 லிட்டர் என்பது ஏறக்குறைய ஒரு குடம். ஆக, குடத்துக்கு ஒரு மாத்திரை. மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இந்த மருந்து உச்சத்தில் இருக்கும்போதே லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம்தான். சுத்திகரிக்கப்பட்ட கழிவில் இருந்தது அதைப் போல் 10 மடங்குக்கு மேல். சில பாக்டீரியாக்களைக் கொல்லத் தேவையான அளவைப் போல் 1,000 மடங்குக்கு மேல்.

ஒரு நாளைக்கு வெளியேறிய சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். 90,000 மாத்திரைகளுக்கான மருந்து. ஸ்வீடன் நாடு முழுவதும் 5 நாட்களில் பயன்படுத்தும் அளவு.

லார்சனும் ஊமியோ பல்கலைக்கழகத்தின் யெர்கர் ஃபிக்கும் 2009-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இன்னும் சங்கடமானது. இந்த முறை சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 14 மில்லிகிராமாகக் குறைந்திருந்தது. ஆனால் அப்பகுதி ஏரிகளில் 6.5 மில்லிகிராம் வரை இருந்தது. அப்படியானால் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் போதாது. போதிய சுத்திகரிப்பு இல்லாத கழிவு வேறு வழிகளிலும் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஏரி சாட்சி சொன்னது. கிராமத்துக் கிணறுகளிலும் மருந்துகள் தென்பட்டன.

கண்ணுக்குத் தெரியாத ஆதாரம்

படான்செருவின் ஓடைகள் நிறம் மாறியதும், கிணற்றுத் தண்ணீர் நாற்றமடித்ததும், வயல்கள் கருகியதும் ஊர் மக்களுக்கு 1980-களிலேயே தெரியும். அங்கு மருத்துவம் பார்த்த டாக்டர் கிஷன் ராவ் போன்றவர்கள் அப்போதே குரல் எழுப்பினார்கள். 1990-ல் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு ஆந்திர உயர் நீதிமன்றம், அதன் பின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் என்று பயணம் செய்து 2017-ல்தான் தீர்ப்பு வந்தது. ஏறக்குறைய 27 ஆண்டுகள்.

இவ்வளவு காலமும் அளவீடு நடக்காமல் இல்லை. அளந்தது வேறொன்றை. நாட்டிலுள்ள எந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகத்திலும் அன்றாடம் நடக்கும் சோதனைக்கு சி.ஓ.டி. என்று பெயர். கழிவுநீருடன் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 2 மணி நேரம் 150 டிகிரியில் கொதிக்க வைப்பார்கள். தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை எல்லாம் டைகுரோமேட் எரித்துவிடும். எவ்வளவு டைகுரோமேட் செலவானது என்பதிலிருந்து அழுக்கின் மொத்த அளவு தெரியும்.

மலிவான, நம்பகமான சோதனை. ஆனால் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. சர்க்கரை, சாராயம், சோப்பு, ஆன்டிபயாட்டிக் எல்லாம் அதற்கு ஒன்றுதான். வெளியேறும் நீரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது வழக்கமான வரம்பு. 31 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் அந்த 250-க்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். சான்றிதழில் எல்லாம் சரியாக இருக்கும். தண்ணீர் மட்டும் மருந்தாக இருக்கும்.

ஆள் அடையாளம் காட்டும் கருவி வேறு. இரண்டு கருவிகளை ஒன்றோடொன்று பூட்டியது அது. முதல் பாதி திரவ குரோமட்டோகிராஃபி. நுண்ணிய துகள்கள் நிரப்பிய குழாய் வழியே மாதிரியைச் செலுத்தினால், ஒட்டும் குணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். இரண்டாவது பாதி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். வந்த மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து எடை பார்க்கும். மருந்து மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னூட்டத்தோடு பறக்கவிடும் எலக்ட்ரோஸ்ப்ரே முறைக்காகத்தான் அமெரிக்காவின் ஜான் ஃபென் 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சிப்ரோஃப்ளாக்சசின் இந்தக் கருவியில் 332 என்ற எடையில் தெரியும். அந்த எடையுள்ள பொருள் வேறு இருக்கலாமே? அதனால் கருவி அதை வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கிறது. தண்ணீர் ஒன்று கழன்றால் 314. கார்பன் டை ஆக்சைடு கழன்றால் 288. 332 வந்து, அது குறிப்பிட்ட நேரத்தில் வந்து, 314 ஆகவும் 288 ஆகவும் சரியான விகிதத்தில் உடைந்தால், கைரேகை பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

சாமானிய வேலை அல்ல இது. சிப்ரோஃப்ளாக்சசின் வெளிச்சம் பட்டால் சிதையும், எனவே மாதிரியைக் கருநிறப் பாட்டிலில் குளிர்ச்சியாகக் கொண்டுவர வேண்டும். வண்டலோடு ஒட்டிக்கொள்ளும், எனவே தண்ணீரை மட்டும் சோதித்தால் பாதிக் கதைதான் தெரியும். தொழிற்சாலைக் கழிவில் உள்ள உப்பு கருவியின் குரலை அமுக்கிவிடும். இதற்காக, அதே மருந்தின் சற்றே கனமான இரட்டைப் பிறவியை, அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் சேர்த்துச் செய்ததை, தெரிந்த அளவில் மாதிரியில் கலப்பார்கள். இரட்டையரில் ஒருவருக்கு எவ்வளவு இழப்போ அவ்வளவே மற்றவருக்கும் என்பது கணக்கு. பென்சிலின் வகை மருந்துகள் தண்ணீரில் வேகமாகச் சிதைந்துவிடும். ஆகவே ஏரியில் பென்சிலின் இல்லை என்று அறிக்கை வந்தால், யாரும் கொட்டவில்லை என்று பொருள் கொள்ள முடியாது.

உள்ளே ஒரு நீதி, வெளியே ஒரு நீதி

இவ்வளவு நுட்பத்துக்கு இந்தியா எங்கே போகும் என்று கேட்பவர்கள் ஹைதராபாத்தைப் பார்த்ததில்லை. சோவியத் உதவியுடன் 1961-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல்.-இன் ஹைதராபாத் ஆலையிலிருந்துதான் இந்த ஊரின் மருந்துத் தொழில் கிளைத்தது. அங்கு வேலை பார்த்த அஞ்சி ரெட்டி 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்துப் பொருளுக்கு அல்ல, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்று சொன்ன 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்துவிட்டது. இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று மத்திய அரசின் ஆய்வகங்களுக்கும் இந்த நகரில் பஞ்சமில்லை.

ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில், கோடி ரூபாய் விலையுள்ள அதே வகைக் கருவிகள் இரவு பகலாக ஓடுகின்றன. 2018-ல் சீனாவில் தயாரான வால்சார்ட்டான் என்ற ரத்த அழுத்த மருந்தில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது தெரிந்து உலகமே பதறியது. வயிற்றுப் புண்ணுக்கான ரானிட்டிடினை 2020-ல் அமெரிக்கா சந்தையிலிருந்தே விலக்கச் சொன்னதும் அதே மாசுக்காக. ஒரு மனிதர் ஒரு நாளில் 96 நானோகிராமுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரம்பு வைத்தது. ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். ஏற்றுமதி செய்யும் இந்திய ஆலைகளின் வேதியியலாளர்களும் அந்த அளவைத் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிடிக்காவிட்டால் ஏற்றுமதி நின்றுவிடும்.

மருந்துக்குள் இருக்கும் மாசுக்கு நானோகிராம். மாசாகிப் போன மருந்துக்கு டைகுரோமேட். அறிவோ கருவியோ இல்லாமல் இல்லை. ஒன்றைக் கேட்பதற்கு வெளிநாட்டு வாங்குபவர் இருக்கிறார், மற்றதைக் கேட்க ஆள் இல்லை.

ஆனால் விளைவு வாங்குபவரையும் விட்டுவைக்காது. ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீரில் பலவீனமான பாக்டீரியா சாகும். எதிர்ப்பு சக்தி உள்ளது பிழைத்து, அந்த மரபணுவை அக்கம்பக்கத்து பாக்டீரியாவுக்கும் வழங்கும். சுத்திகரிப்பு நிலையமே கழிவைத் தின்னும் பாக்டீரியாவை நம்பித்தான் இயங்குகிறது. புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் விஞ்ஞானிகளும் லார்சனும் அத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து 39 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு எதிராகச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 86 சதவீத ரகங்கள் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அசையவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் விஞ்ஞானிகள் 2016 நவம்பரில் ஹைதராபாத் பகுதியில் 28 இடங்களில் மாதிரி எடுத்தார்கள். 95 சதவீதத்துக்கும் அதிகமான மாதிரிகளில், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் பாக்டீரியா இருந்தது. படான்செரு-பொல்லாரம் தொழிற்பகுதிச் சாக்கடையில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 237 மில்லிகிராம். கடையில் விற்கும் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றரைக்கு மேல், ஒரே லிட்டரில்.

உலகில் 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்பது 'லான்செட்' இதழில் 2022-ல் வெளியான மதிப்பீடு. இவர்களில் யாருடைய கிருமி எந்த ஓடையில் உருவானது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. மருத்துவமனைச் சாக்கடைக்கும், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைக்கும், கோழிப் பண்ணைக்கும் இதில் பங்கு உண்டு. தொழில்துறை எடுத்துவைக்கும் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மனித உடலைத் தாண்டி வரும் மருந்து சாக்கடையில் மைக்ரோகிராமில்தான் இருக்கும். மில்லிகிராமில் வருவது ஆலையிலிருந்து மட்டுமே.

எண் யாருடையது?

இப்போது சண்டை, அளக்க முடியுமா என்பதில் இல்லை. எதை, எங்கே, எப்போது அளப்பது, எந்த எண்ணை ஆபத்து என்று சொல்வது என்பதில்தான்.

எந்த எண்? 2016-ல் லார்சனும் யோஹன் பெங்ட்சன்-பால்மேயும் 111 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, பாக்டீரியாவில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டாத அளவு எது என்று மதிப்பிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அது லிட்டருக்கு சுமார் 0.06 மைக்ரோகிராம். படான்செரு ஏரிகளில் கண்ட உச்ச அளவு இதைப் போல் ஒரு லட்சம் மடங்கு. இத்தகைய எண்களின் அடிப்படையில், பெரிய மருந்துக் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2018-ல் தன் உறுப்பினர்களுக்கு இலக்கு வகுத்தது. இவை சோதனைக்கூடத் தரவுகளிலிருந்து கணித்த எண்கள், ஆற்றின் நிஜம் வேறாக இருக்கலாம் என்பது எதிர்வாதம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இரண்டு மடங்கா மூன்று மடங்கா என்ற தகராறுக்கு அது பொருந்தும். லட்சம் மடங்குக்குப் பொருந்தாது.

எப்போது? மருந்து ஆலைகள் ஒரே சரக்கை ஆண்டு முழுவதும் செய்வதில்லை. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று. ஒரு நாள் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தால் 31 கிடைக்கலாம், 14 கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். ஒரு சில மாதிரிகளை வைத்து ஒரு ஊரையே தூற்றலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்குப் பதில், இன்னும் அடிக்கடி அளப்பதுதானே தவிர, அளக்காமல் விடுவதல்ல. 24 மணி நேரமும் சிறுகச் சிறுகச் சேர்த்த கூட்டு மாதிரி வேண்டும். அன்று ஆலையில் எந்த மருந்து தயாரானது என்ற பதிவேடும் பக்கத்தில் வேண்டும்.

எப்படி? கம்பெனிகள் 2022-ல் தங்களுக்கென வகுத்துக்கொண்ட தரவிதி, கருவியால் அளப்பதற்குப் பதில் கணக்குப் போட்டுக் காட்டவும் அனுமதிக்கிறது. இவ்வளவு மருந்து தயாரித்தோம், இவ்வளவு பெட்டியில் போனது, மீதி இவ்வளவு தண்ணீரில் கலந்தது என்ற வரவு-செலவுக் கணக்கு. சின்ன ஆலைக்குச் செலவு மிச்சம். ஆனால் ஒரு டன் உற்பத்தியில் ஒரு சதவீதம் கணக்குப் பிசகினாலே 10 கிலோ. சிப்ரோஃப்ளாக்சசினுக்குச் சொன்ன வரம்போ லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பதினாறில் ஒரு பங்கு. கணக்கு வழிகாட்டலாம், சாட்சி சொல்வதற்குக் கருவி வேண்டும்.

துளிகூட வெளியே விடுவதில்லை, பிறகு எதற்கு அளவீடு என்பது இன்னொரு பதில். கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மீதியைக் காய்ச்சி ஆவியாக்கி, உப்பாக அள்ளும் முறை பல ஆலைகளில் வந்துவிட்டது. தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. நொய்யல் ஆற்றைக் காக்க 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் முழுவதும் பேசிய பேச்சு அது. சாயம் வெளியேறினால் ஆறு காட்டிக்கொடுத்துவிடும். ஆன்டிபயாட்டிக்குக்கு நிறம் கிடையாது. பகுப்பாய்வு வேதியியலில் பூஜ்யம் என்ற சொல்லும் கிடையாது. 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்றுதான் எழுதுவார்கள். எவ்வளவுக்குக் கீழே என்ற எண்ணை எழுதாத அறிக்கைக்கு மதிப்பில்லை.

விடுபட்ட அட்டவணை

இந்த விவாதங்களுக்கு எல்லாம் முற்றுப்புள்ளி வைக்க ஒரு வாய்ப்பு வந்தது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மருந்து ஆலைக் கழிவுக்கான புதிய விதிகளின் வரைவை வெளியிட்டது. 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தனித்தனியே வரம்பு வைத்த அட்டவணை அதில் இருந்தது. இப்படிச் சட்டம் போடும் முதல் நாடுகளில் ஒன்றாக இந்தியா ஆகப்போகிறது என்று உலக விஞ்ஞானிகள் வரவேற்றார்கள். வரம்புகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை, சோதனைச் செலவைத் தாங்க முடியாது என்று தொழில்துறை எதிர்த்தது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த அட்டவணை அதில் இல்லை.

தொழில்துறையின் கவலை முழுவதும் போலியல்ல. சீனாவோடு காசுக்கணக்கில் போட்டியிடும் சின்ன ஆலைக்கு, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சோதனை என்றால் பாரம்தான். ஏழை நாடுகளுக்கு மலிவான மருந்து இந்த ஆலைகளிலிருந்துதான் போகிறது. ஆனால் அந்த மலிவின் ஒரு பகுதியை, மாத்திரையே வாங்காத படான்செருவின் விவசாயி கட்டிக்கொண்டிருக்கிறார். ஆலைக்கு ஒரு கருவி வேண்டும் என்பதும் இல்லை. பொது ஆய்வகம் ஒன்று, அன்றாடம் தயாராகும் மருந்தை மட்டும் தேடினால் போதும். 121-ஐயும் ஒவ்வொரு பாட்டிலிலும் தேட வேண்டியதில்லை.

2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் தயாரிப்புக் கழிவுக்கென முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. அதற்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் மருந்து கொள்முதல் செய்யும் அரசுகள் இனி ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த மாத்திரையைச் செய்த ஆலையின் வாய்க்காலில் எவ்வளவு மாத்திரை போனது? அந்தக் கேள்வியைத் தமிழக அரசின் மருந்துக் கொள்முதல் டெண்டரும் கேட்கலாம், ரயில்வேயும் ராணுவமும் கேட்கலாம். மருந்தின் தூய்மைக்குச் சான்று கேட்கும் அதே படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தால் போதும்.

படான்செருவிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் முதலில் பல்லாயிரம் மைல் தாண்டி ஸ்வீடனுக்குப் போய்த்தான் தன் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லவைக்கும் கருவிகளும் ஆட்களும் 30 கிலோமீட்டர் தொலைவில், அதே ஹைதராபாத்தில் இருக்கிறார்கள். அந்த பாட்டிலை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லும் ஒரு வரி மட்டும் இன்னும் விதிப் புத்தகத்தில் ஏறவில்லை.